ரஜுலாவும் ரோனாவும்: நம் முன்னோரைச் சுமந்த இரட்டைக் கப்பல்கள்



'கப்பலேறி வந்தவர்கள்' என்னும் சொற்றொடர் நம் நாட்டில் இருவகைப் பொருளில் வழங்கி வருகிறது. நம் வீட்டு முதியோர் அதனைச் சொல்லும்போது ஒரு பெருமூச்சும் கூடவே வருகிறது. வெளியில் சிலர் சொல்லும்போது அதில் ஓர் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருமூச்சாயினும் ஏளனமாயினும், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அக்கப்பலைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. அது எந்தக் கப்பல்? அதனைக் கட்டியவர் யார்? யாருடைய ஆதாயத்திற்காக ஓடியது? இறுதியில் அது என்னவாயிற்று?

நம் மாணவர்கள் நான்காம் ஆண்டு முதல் வரலாற்றைத் தனிப்பாடமாகப் பயில்கின்றனர். மலாக்காவின் எழுச்சியையும் விடுதலைப் போராட்டத்தையும் அறிகின்றனர். ஆனால், தம் கொள்ளுப்பாட்டியை இந்நாட்டில் இறக்கிவிட்ட கப்பலின் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர். அந்தக் குறையைச் சிறிதளவாவது போக்கும் நோக்குடன் இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ஆட்களை ஏற்றிவந்த கப்பல்கள் பல. அவற்றுள் முதியோர் நாவில் இன்றும் வாழ்வது 'ரஜுலா'. என் பாட்டியார் இதனை 'ரசுலா' என்றே இறுதிவரை சொல்லி வந்தார். இந்த ரஜுலாவுக்கு 'ரோனா' என்றோர் உடன்பிறப்பு இருந்தது என்பதைப் பலர் அறியார். ஒரே நிறுவனம், ஒரே கடல்வழிக்காக, ஒரே ஆண்டில், ஏறக்குறைய ஒரே அளவில் கட்டுவித்த இரு கப்பல்கள் அவை. இத்தகைய கப்பல்களைக் கடல்துறையினர் சகோதரிக் கப்பல்கள் என்பர்.

கப்பலுக்கு உரியவர் யார்?

இவ்விரு கப்பல்களும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்கு உரியவை. ஸ்காட்லாந்து வணிகரான வில்லியம் மெக்கின்னன் என்பவரின் முயற்சியால் 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விடுவதற்காக ஒரு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதுவே 1862-இல் பிரிட்டிஷ் இந்தியா என்னும் பெயரைப் பெற்றது. 1914-இல் அது பி அண்டு ஓ என்னும் பெருநிறுவனத்துடன் இணைந்தது; ஆயினும் தன் பழைய பெயரிலேயே தொடர்ந்து கப்பல்களை ஓட்டி வந்தது. இந்திய ஊர்ப்பெயர்களைத் தன் கப்பல்களுக்குச் சூட்டுவதும், அவை 'ஆ' என்னும் ஓசையில் முடியுமாறு தேர்ந்தெடுப்பதும் அந்நிறுவனத்தின் வழக்கம். ரஜுலா என்பது குஜராத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர்.

இந்நிறுவனத்தின் பெயரைத் தமிழர்கள் வேறோர் இடத்திலும் கேட்டிருப்பர். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்தை இலக்காகக் கொண்டு பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு அவர் எதிர்த்து நின்றது இதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தைத்தான். சுதேசிக் கப்பலை முடக்குவதற்காக வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்றதும், இலவசமாகவே ஆட்களை ஏற்றிக்கொள்ளவும் முன்வந்ததும் நாம் பாடநூல்களில் படித்த செய்திகள். 1908-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வ. உ. சி. கைது செய்யப்பட்டார். 1911-இல் அவருடைய நிறுவனம் கலைக்கப்பட்டது.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள் கழித்து, தமிழர்களை ஆயிரக்கணக்கில் ஏற்றிச் செல்வதற்கென்றே அந்த வெற்றி பெற்ற நிறுவனம் இரு பெருங்கப்பல்களைக் கட்டுவித்தது. நம் முன்னோர் ஏறிவந்த கப்பல் வ. உ. சி.யைத் தோற்கடித்த நிறுவனத்தின் கப்பல் என்னும் உண்மை கசப்பானது. எனினும் பிள்ளைகளுக்கு இதனையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கருத்து. வ. உ. சி. பாடம் ஓரிடத்திலும் நம் குடியேற்றப் பாடம் வேறோரிடத்திலும் தனித்தனியே கிடக்க, இரண்டையும் இணைக்கும் கயிறு இக்கப்பல் நிறுவனம்தான்.

ஏன் இத்துணைப் பெரிய கப்பல்கள்?

விடை ஒரே சொல்லில் அடங்கும்: ரப்பர்.

மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக உலகச் சந்தையில் ரப்பருக்குத் தேவை மிகுந்தது. மலாயாவின் மேற்குக் கரை நெடுகிலும் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. மரம் வெட்ட ஆள் வேண்டும், நட ஆள் வேண்டும், நாள்தோறும் விடியற்காலையில் பாலெடுக்க ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் இடத்தைக் கங்காணி முறை நிரப்பியது. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு வருவார். 1907-இல் சட்டப்படி ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி அவர்களின் கப்பற்கட்டணத்தைச் செலுத்தியது. அந்நிதிக்குப் பணம் கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள்.

இவ்விடத்தில் ஒன்றைப் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நம் முன்னோரில் பெரும்பாலோர் அழையாமல் நுழைந்தவர் அல்லர். ஆள் அனுப்பி, செலவு கொடுத்து, கப்பல் வைத்து வரவழைக்கப்பட்டவர்கள்.

1925-ஆம் ஆண்டில் ரப்பரின் விலை வெகுவாக உயர்ந்தது. அதன் விளைவாக 1926, 1927 ஆகிய இரு ஆண்டுகளிலும், ஆண்டொன்றுக்கு ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட தென்னிந்தியர் மலாயாவில் வந்திறங்கினர். ரஜுலாவும் ரோனாவும் நீரில் இறக்கப்பட்ட ஆண்டும் 1926 என்பது தற்செயலன்று.

கப்பல்களின் அமைப்பு

ரஜுலாவை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்லே கர்ள் நிறுவனத்தார் கட்டினர். ரோனாவை இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், ஹெபர்ன் என்னும் ஊரில், ஹாத்தார்ன் லெஸ்லி நிறுவனத்தார் கட்டினர். ரஜுலாவின் கொள்ளளவு 8,478 டன். ரோனாவின் கொள்ளளவு 8,602 டன். நீளம் ஏறக்குறைய 140 மீட்டர். இரண்டும் நீராவிப் பொறியால் இயங்கியவை. இரட்டைச் சுழலிகள் கொண்டவை. ஒரு மணி நேரத்திற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல் வேகத்தில் செல்லக்கூடியவை.

இவற்றுள் நம்மைத் திகைக்க வைப்பது வேறோர் எண். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் ஒரு சிலரே செல்ல அறைகள் இருந்தன. மற்ற எல்லாரும் 'டெக்கு' பயணிகள். குறுகிய தூரப் பயணத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக்கு பயணிகளை ஏற்றிக்கொள்ள இக்கப்பல்கள் அனுமதி பெற்றிருந்தன. ஒரு காற்பந்துத் திடலைவிடச் சற்றே நீளமான, ஆனால் அதைவிட மிகக் குறுகலான இடத்தில் ஐயாயிரம் பேர்! ஒவ்வொரு பயணத்திலும் அத்தனை பேர் ஏறவில்லை என்பது உண்மையே. ஆனால் ஒரு கப்பலை வரைபடத்தில் கோடிடும்போதே அத்தனை மனிதர்களை அடுக்கலாம் என்று கணக்கிட்டிருக்கின்றனர். டெக்கு பயணிக்குக் கட்டிலும் கிடையாது, அறையும் கிடையாது. கப்பலின் மேல்தளத்திலும் அதற்குக் கீழுள்ள தளங்களிலும் அவரவர் பாயை விரித்துக்கொண்ட இடமே அவரவர் வீடு.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் நான் இதனை விளக்கியபோது, வகுப்பறையின் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு பாயின் அளவைக் கோடிட்டுக் காட்டினேன். ஒரு குடும்பம் ஒரு வாரம் அதற்குள்ளேயே உண்டு உறங்கிக் கழிக்க வேண்டும் என்று சொன்னேன். வழக்கமாகச் சலசலக்கும் வகுப்பு அன்று அமைதியாயிற்று. ஐயாயிரம் என்னும் எண் குழந்தைகளுக்கு விளங்காது. ஒரு பாய் விளங்கும்.

நாகையிலிருந்து பொந்தியான் கடல்வரை

சென்னையில் புறப்படும் கப்பல், நாகப்பட்டினத்தில் நின்று, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய துறைமுகங்களைத் தொட்டு, சிங்கப்பூரை அடையும். போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது.

நாகப்பட்டினம் நமக்குப் புதிய துறைமுகமன்று. கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர்களின் பெயரால் சூடாமணி விகாரம் எழுந்த ஊர் அது. சோழர் காலத்தில் கீழ்த்திசைக் கடல் வணிகத்தின் வாயிலாக விளங்கியதும் அதுவே. முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தை வென்றது ஏறக்குறைய 1025-இல். வெற்றி வேந்தரின் கடல்வழியில் ஒன்பது நூற்றாண்டுகள் கழித்துக் கூலித்தொழிலாளர் சென்றனர். முன்னதைப் பெருமையுடன் மேடைகளில் முழங்குகிறோம். பின்னதைச் சொல்ல ஏனோ கூசுகிறோம்.

நாகையில் பெருங்கப்பல் கரையை ஒட்டி நிற்க இயலாது. அது கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகுகளில் சென்று, ஆடிக்கொண்டிருக்கும் ஏணியைப் பற்றி ஏறவேண்டும். கடலையே கண்டிராத உள்நாட்டுச் சிற்றூர்ப் பெண்கள், இடுப்பில் குழந்தையும் கையில் மூட்டையுமாக அவ்வாறு ஏறினர். தோட்ட வேலைக்குச் செல்வோர் அதற்கு முன்பே ஆவடியிலோ நாகையிலோ இருந்த முகாம்களில் தங்க வைக்கப்பட்டு, பெயர் பதிந்து, மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, அம்மைப்பால் குத்திக்கொண்டிருப்பர்.

நாகையிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 1,250 கடல் மைல் தொலைவு. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். மணிக்குப் பன்னிரண்டரை கடல் மைல் வேகமென்றால் எத்தனை நாளில் பினாங்கை அடையலாம்? ஆசிரியர்கள் இதனை அப்படியே கணிதப் பாடத்தில் கொடுக்கலாம். நான்கு நாளுக்குச் சற்று மேல் என்று விடை வரும். காற்றும் மழையும் துறைமுகங்களில் நிற்கும் நேரமும் சேர, சென்னையிலிருந்து சிங்கப்பூர்வரை ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆனது.

பயணத்தைப் பற்றி முதியோர் சொல்வன ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. முதல் இரண்டு நாள் தலைசுற்றலும் வாந்தியும். பிறகு மெல்லப் பழக்கம். அளந்து போடப்படும் சோறும் குழம்பும். பக்கத்துப் பாயில் இருப்பவர் எந்த ஊர் என்று கேட்பதில் தொடங்கி, இறங்குவதற்குள் அண்ணன், அக்காள் என்று முறை வைத்து அழைக்கும் உறவு. என் பாட்டியார் தம்முடன் ஒரே தளத்தில் வந்த ஓர் அம்மையாரைக் கடைசிவரை 'கப்பக்கா' என்றே அழைத்தார். கப்பலில் கிடைத்த அக்காள் என்று பொருள். அவர்களுக்குள் குருதி உறவு எதுவுமில்லை. ஆனால் எங்கள் குடும்பத் திருமணங்களில் அவ்வம்மையாருக்குத்தான் முதல் தாம்பூலம்.

மலாயாவை அடைந்தவுடன் தோட்டத்துக்குப் போய்விட முடியாது. தொற்றுநோய் பரவாமல் தடுக்க, டெக்கு பயணிகளைத் தனித்து வைத்திருந்தனர். பினாங்கில் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூரில் செயிண்ட் ஜான்ஸ் தீவு, போர்ட் சுவெட்டன்ஹாமில் ஒரு முகாம் என இடங்கள் இருந்தன. முதல் வகுப்புப் பயணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே இறங்கிச் செல்ல, டெக்கு பயணியோ மருந்து நீர் தெளிக்கப்பட்ட துணிகளுடன் நாள்களை எண்ணிக்கொண்டிருப்பார். நோய் இருவருக்கும் பொதுவென்றாலும் சட்டம் பொதுவாக இருக்கவில்லை.

நாங்கள் வாழும் பொந்தியானுக்கும் இக்கடல்வழிக்கும் ஒரு தொடர்பு உண்டு. போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து தெற்கே வரும் கப்பல், எங்கள் கரைக்கு அப்பாலுள்ள பீசாங் தீவைத் தாண்டி, ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியாகிய தஞ்சோங் பியாய் முனையைக் கடந்த பின்னரே கிழக்கே திரும்பிச் சிங்கப்பூருக்குள் நுழையும். பீசாங் தீவின் குன்றின்மேல் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஜொகூர் சுல்தான் 1900-ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அதனைப் பராமரிக்கும் பொறுப்பு சிங்கப்பூர் தரப்பினரிடம் உள்ளது. இரவு வேளையில் ரஜுலாவின் மேல்தளத்தில் விழித்திருந்த பயணிக்கு, ஜொகூர் மண்ணின் முதல் அடையாளமாக அவ்வொளி தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் இறங்கி ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்தவர்கள், 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட தரைப்பாலத்தின் வழியே நீரிணையைக் கடந்தனர்.

இரு திசையிலும் ஓடிய கப்பல்

கப்பல் என்றாலே வந்திறங்கியதை மட்டுமே நாம் நினைக்கிறோம். அது திரும்பியும் சென்றது.

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பரின் விலை அடியோடு சரிந்தது. வேண்டும்போது ஆள் அனுப்பி வரவழைத்தவர்கள், வேண்டாதபோது அதே கப்பலில் திருப்பியனுப்பினர். 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில் வந்தவர்களைவிடச் சென்றவர்களே மிகுதி. பின்னர் விலை தேறியதும் மீண்டும் ஆள் வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளரின் கூலி குறைக்கப்பட்டதை ஒட்டி எழுந்த கருத்து வேறுபாட்டில், 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது. அதன்பின் தம் சொந்தச் செலவில் வந்தவர்களே மிகுதி.

தோட்டத்தில் விளைந்த ரப்பருக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது. அதன் ஏற்ற இறக்கத்தை ரஜுலாவின் பயணிகளை எண்ணியே ஒருவர் அறிந்துகொண்டிருக்கலாம்.

ரோனாவின் முடிவு

இரண்டாம் உலகப் போர் மூண்டபின் ரோனாவை 1940-இல் பிரிட்டிஷ் அரசு படை ஏற்றும் கப்பலாக எடுத்துக்கொண்டது. ரஜுலாவும் அவ்வாறே போர்ப்பணிக்குச் சென்றது. 1941-ஆம் ஆண்டின் இறுதியில் சப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. நாகைக்கும் மலாயாவுக்கும் இடையிலான கடல்வழி அடைபட்டது. மடலும் இல்லை, பணம் அனுப்புதலும் இல்லை.

1943-ஆம் ஆண்டு நவம்பர் 26. மத்தியதரைக் கடலில் அல்சீரியக் கரைக்கு அப்பால், ஒரு கப்பல் அணியுடன் ரோனா சென்றுகொண்டிருந்தது. அதில் ஏறக்குறைய இரண்டாயிரம் அமெரிக்கப் படைவீரர்கள் இருந்தனர். அவர்கள் இந்தியாவை நோக்கி அனுப்பப்பட்டவர்கள். மாலை வேளையில் செருமானிய விமானங்கள் தாக்கின. அவற்றுள் ஒன்று வீசிய குண்டு வானொலி அலையால் வழிநடத்தப்படும் புதுவகை ஆயுதம். எச்.எஸ். 293 என்பது அதன் பெயர். இன்றைய ஏவுகணைகளின் முன்னோடிகளுள் அது ஒன்று. அக்குண்டு ரோனாவின் பக்கவாட்டைத் துளைத்து உள்ளே வெடித்தது. ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாக மிதந்து, கப்பல் மூழ்கியது. உயிர்காப்புப் படகுகள் பல பயன்படவில்லை. பயனியர் என்னும் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் இருட்டிலும் பொங்கும் அலையிலும் 606 பேரை மீட்டது.

1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 1,015 பேர் அமெரிக்கப் படைவீரர்கள். பகைவர் தாக்குதலால் கடலில் ஒரே நிகழ்வில் அமெரிக்கப் படையினர் இத்தனை பேர் இறந்தது வேறெப்போதும் இல்லை. கப்பற்பணியாளர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியக் கடலோடிகள்.

புதுவகைக் குண்டின் வலிமை வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று அச்செய்தியைப் போர்க்காலத்தில் மறைத்தனர். போர் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள் அது மக்களிடம் பரவவில்லை. மாண்ட வீரர்களின் குடும்பத்தார் பலர் தம் பிள்ளை எங்கே எவ்வாறு இறந்தான் என்பதை அறியாமலே முதுமையடைந்தனர். 2000-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களை நினைவுகூர்ந்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

குடும்ப வரலாற்றைத் திரட்டேடாகத் தயாரித்து வருமாறு ஒருமுறை என் மாணவர்களுக்கு இடுபணி கொடுத்திருந்தேன். 'என் முன்னோர் கப்பலில் வந்தனர்' என்னும் வரியின் கீழே ஒரு மாணவன் டைட்டானிக் கப்பலின் படத்தை ஒட்டியிருந்தான். அவன்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1912-இல் ஏறக்குறைய 1,500 பேருடன் மூழ்கிய டைட்டானிக்கை உலகமே அறியும். திரைப்படமும் உண்டு. அவனுடைய முன்னோர் வந்த வழியில் ஓடி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் மூழ்கிய ரோனாவை யார் அவனுக்குக் காட்டினார்கள்? ரஜுலாவின் படத்தைத் தேடியெடுத்து அந்தத் திரட்டேட்டில் அடுத்த பக்கத்தில் ஒட்டச் செய்தேன். 'இதுவா சார்? புகைபோக்கி ஒன்றுதானே இருக்கிறது!' என்றான். அடுத்த வாரம் தன் தாத்தாவிடம் கேட்டு மேலும் இரண்டு பக்கம் எழுதி வந்தான்.

ரஜுலாவின் நீண்ட வாழ்நாள்

தங்கையை இழந்த ரஜுலா போரில் பிழைத்தது. போருக்குப்பின் தன் பழைய வழிக்கே திரும்பியது. 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், புதிதாக வருவோரின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. அதன்பின் ரஜுலாவில் சென்றவர்களுள் பலர் ஊருக்குப் போய் வருவோர். திருமணத்திற்குச் சென்றவர், நேர்த்திக்கடன் செலுத்தச் சென்றவர், பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணச் சென்றவர், துணைவியை அழைத்து வந்தவர் என அக்கப்பல் இரு நாடுகளுக்கும் இடையே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. தமிழ் நூல்களும் இதழ்களும் வெண்கலப் பாத்திரங்களும் சேலைகளும் அவர்களுடைய தகரப் பெட்டிகளில் வந்திறங்கின.

அதன் பயணங்களுள் மிகத் துயரமானவை 1969-ஐ ஒட்டி நிகழ்ந்தவை. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்னும் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்தது. நாடு விடுதலை பெற்றபோது விண்ணப்பிக்கத் தெரியாமலோ, பிறப்புச் சான்று இல்லாமலோ, 'நமக்கெதற்கு இதெல்லாம்' என்று எண்ணியோ, குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையுடன் இருந்த தோட்டத் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். ஏறக்குறைய 60,000 இந்தியர் நாட்டைவிட்டுச் சென்றனர் என்பது வரலாற்றாசிரியர் தரும் கணக்கு. முப்பது நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்கள் ஒரு தகரப் பெட்டியுடன் துறைமுகத்தில் நின்றனர். நீல அட்டை பெற்ற பிள்ளைகள் கரையில், சிவப்பு அட்டை வைத்திருந்த பெற்றோர் கப்பலில் எனப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுள் சிலர் பிறகு சந்திக்கவேயில்லை.

1973-இல் ரஜுலா இந்தியக் கப்பற் கழகத்திற்கு விற்கப்பட்டு, 'ரங்கட்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. மறு ஆண்டே பம்பாயில் உடைக்கப்பட்டது. நாற்பத்தேழு ஆண்டு உழைத்த இரும்பு, எடைக்கு எடை விலை போயிற்று.

ரஜுலாவுடன் சமகாலத்தில் 'ஸ்டேட் ஆப் மெட்ராஸ்' என்னும் இந்தியக் கப்பலும் இவ்வழியில் ஓடியது. ரஜுலாவுக்குப் பின் 'சிதம்பரம்' வந்தது. அது 1966-இல் பிரான்சு நாட்டின் டன்கிர்க் நகரில் 'பாஸ்டர்' என்னும் பெயருடன் நீரில் இறக்கப்பட்டு, தென்னமெரிக்காவுக்கு ஓடிய சொகுசுக் கப்பல். 17,000 டன்னுக்கும் மேற்பட்டது. இந்தியக் கப்பற் கழகம் அதனை 1972-இல் வாங்கியது. 1985-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-இல் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் அதில் தீப்பற்றி, ஏறக்குறைய நாற்பது பேர் உயிரிழந்தனர். அதன்பின் அக்கப்பல் பயணிகளை ஏற்றவில்லை. அதே ஆண்டில் உடைக்கப்பட்டது. அதற்குள் விமானப் பயணம் எளியோருக்கும் எட்டத் தொடங்கியிருந்தது. ஒரு வாரப் பயணம் நான்கு மணி நேரமாகச் சுருங்கிற்று.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடியவை

இக்கப்பல்களைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. அவை ஆதாயத்திற்காக ஓடியவை. மனிதரைச் சரக்கைப்போல் அடுக்கியவை. ஆனால் அச்சரக்குத் தளத்தில்தான் 'கப்பக்கா'க்கள் உருவாயினர். சாதியும் ஊரும் பார்த்து ஒதுங்கியிருந்தவர்கள் ஒரே குழாயில் நீர் பிடிக்க வேண்டியிருந்தது. கப்பல் முதலாளியின் கணக்கேட்டில் அது எழுதப்படவில்லை. எழுதவேண்டியவர்கள் நாம்தான்.

ரஜுலாவின் கடைசிப் பயணங்களில் பத்து வயதுச் சிறாராக வந்தவர்களுக்கே இன்று அறுபது வயது கடந்துவிட்டது. அதில் தாமாகப் பயணச்சீட்டு வாங்கி ஏறியவர்கள் எண்பதை நெருங்குகின்றனர், அல்லது கடந்துவிட்டனர். இன்னும் பத்தாண்டுகளில் கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார். ஆகவே சில பரிந்துரைகளை முன்வைக்கிறேன்.

பெற்றோர்களே, வீட்டின் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தா பாட்டியின் கடப்பிதழ், பயணச்சீட்டின் அடிக்கட்டை, அம்மைப்பால் சான்றிதழ், பெட்டியின்மேல் ஒட்டிய கப்பல் சீட்டு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அதனைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். படமெடுத்து வையுங்கள், மூலத்தைக் காற்றுப் புகாத உறையில் இடுங்கள். இது நினைவுப் பொருள் மட்டுமன்று. பிறந்த தேதிக்கும் வந்த தேதிக்கும் சான்றில்லாமையால் குடியுரிமைக்கு அலைந்தவர்களை நாம் அறிவோம். ஒரு தாளின் அருமை அது இல்லாதபோது தெரியும்.

வீட்டு முதியோரிடம் நான்கே வினாக்களைப் பிள்ளைகள் கேட்கட்டும். எந்த ஊரில் ஏறினீர்கள்? எந்தத் துறைமுகத்தில் இறங்கினீர்கள்? பெட்டியில் என்ன கொண்டுவந்தீர்கள்? கப்பலில் யாரோடு பழகினீர்கள்? மூன்றாவது வினாவுக்கு வரும் விடைகள் பல வேளைகளில் கண்ணீரை வரவழைக்கும். விடையைத் தாத்தா பாட்டி சொன்ன சொற்களிலேயே எழுதச் செய்யுங்கள். பிழை திருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரிய நண்பர்களே, இதனை ஒரே பாடத்தில் அடக்க வேண்டியதில்லை. தொலைவும் வேகமும் கணிதத்திற்கு ஆகும். கப்பல்வழி வரைபடத்திற்கு ஆகும். முதியோர் நேர்காணல் மொழிப்பாடத்திற்கு ஆகும். தனித்துவைப்பு முகாம்கள் நலக்கல்விக்கு ஆகும். பள்ளியில் ஒரு சுவர் ஒதுக்கி, ஒவ்வொரு குடும்பமும் ஏறிய ஊரையும் இறங்கிய துறைமுகத்தையும் நூலால் இணைத்துக் காட்டுங்கள். அச்சுவரின் முன்னே பிள்ளைகள் மட்டுமல்லர், பெற்றோரும் நிற்பதைக் காண்பீர்கள்.

இறுதியாக, 'கப்பலேறி வந்தவர்கள்' என்னும் ஏளனத்திற்கு நம் பிள்ளைகள் என்ன விடை சொல்வது? பொந்தியானில் தமிழர் மிகச் சிறுபான்மையினர். எங்கள் அண்டை வீட்டாருள் சாவக வழியினர் உண்டு. பூகிஸ் வழியினர் உண்டு. சீனத்தின் தென்கரையிலிருந்து வந்தோரின் பெயரர்கள் குக்குப்பில் கடல்மேல் கால்நட்டு வீடுகட்டி வாழ்கின்றனர். பாய்மரத்திலோ நீராவியிலோ, இவர்களுடைய முன்னோரும் கடல் கடந்து வந்தவர்களே. இக்கரையின் வரலாறே கடலால் எழுதப்பட்டது. ஆகவே நம் பிள்ளை சினங்கொள்ளவும் வேண்டாம், தலைகுனியவும் வேண்டாம். 'ஆம், என் பாட்டி ரஜுலா என்னும் கப்பலில் வந்தார். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. உங்கள் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்?' என்று அன்போடு கேட்கத் தெரிந்தால் போதும். அங்கே ஏளனம் நின்றுவிடும், உரையாடல் தொடங்கும்.

உங்கள் வீட்டு முதியோர் ரஜுலாவிலோ வேறு கப்பலிலோ வந்திருந்தால், அவர்தம் கதையை இவ்வாரமே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.